கப்பல் கணக்கில் விழும் வரவு

மயாமியிலோ சிங்கப்பூரிலோ ஓர் உல்லாசக் கப்பலில் ஏறிய மறுகணமே பயணியின் பணப்பைக்கு வேலை இல்லாமல் போகிறது. காபிக் கடை, மதுக்கூடம், மசாஜ் அறை, புகைப்படக் கூடம், நகைக்கடை எங்கும் ரொக்கம் வாங்கமாட்டார்கள். ஏறும்போது தரப்படும் அட்டைதான் அறைச் சாவி, அதுவேதான் பணமும். ராயல் கரீபியன் அதை 'ஸீபாஸ்' என்கிறது. கார்னிவலில் அதற்குப் பெயர் 'செயில் அண்ட் சைன்'. பிரின்சஸ் கப்பல்களில் நாணயம் அளவுள்ள ஒரு வில்லையைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ மாட்டிக்கொண்டால் போதும். வாங்குவதெல்லாம் பயணியின் பெயரில் உள்ள ஒரு கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கடைசி இரவில் அந்தக் கணக்கை மூடி, பதிந்து வைத்த கிரெடிட் கார்டிலிருந்து மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார்கள்.

பயணி எதையும் வாங்குவதற்கு முன்பே அந்தக் கணக்கில் அவர் பெயருக்கு வரவாக வைக்கப்படும் தொகைதான் 'ஆன்போர்டு கிரெடிட்'. 'இந்த வாரம் முன்பதிவு செய்தால் அறைக்கு 200 டாலர் கிரெடிட்' என்று விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது இதுதான். 200 டாலர் என்று எழுதியிருந்தாலும் எல்லாப் பயணிகளுக்கும் அது 200 டாலர் ஆவதில்லை. ஒருவருக்கு அது முழுப் பணம். இன்னொருவருக்கு அதில் பாதி. மூன்றாமவருக்குக் கடைசி நாள் இரவில் மறைந்துபோகும் வெறும் எண். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், பயணத்தின் மொத்தச் செலவையே வேறு விதமாகப் பார்க்க முடியும்.

கப்பல் நிறுவனங்கள் இதை ஏன் தருகின்றன? அவர்களுடைய ஆண்டறிக்கைகளிலேயே விடை இருக்கிறது. உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் குழுமமான கார்னிவல் கார்ப்பரேஷனின் 2024ஆம் ஆண்டு வருவாய் சுமார் 2,500 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 855 கோடி டாலர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பயணச்சீட்டு விற்பனையிலிருந்து வந்ததல்ல. மது, சுற்றுலா, சூதாட்டம், ஸ்பா, இணையம், கடைகள் போன்ற 'கப்பலில் மற்றும் பிற' இனங்களிலிருந்து வந்தது. ராயல் கரீபியன் குழுமத்தின் 2023 வருவாயான சுமார் 1,390 கோடி டாலரில் 433 கோடி இப்படி வந்தது. ஆக, கப்பலுக்குள் பயணி செலவழிப்பது இந்தத் தொழிலில் உபரி வருமானம் அல்ல. அறைக் கட்டணத்தைக் குறைத்தாவது ஆளை ஏற்றிவிட்டால், மீதியைக் கப்பலுக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கில்தான் பல பயணங்களுக்கு விலையே வைக்கப்படுகிறது.

இந்த வியாபாரத்தில் ஆன்போர்டு கிரெடிட் பல வேலைகளைச் செய்கிறது. விலையை 200 டாலர் குறைத்தால் அது வெளியே தெரிந்துவிடும். முன்பே கூடுதல் விலை கொடுத்தவர்கள் வந்து கேட்பார்கள். அடுத்த ஆண்டு அதே பயணத்துக்கு விலையை உயர்த்துவதும் கடினமாகும். கிரெடிட் கொடுத்தால் அச்சடித்த விலை அப்படியே நிற்கும். மேலும், கப்பல் தரும் 200 டாலருக்கு அதன் அடக்கச் செலவு 200 டாலர் இல்லை. ஏற்கெனவே எடுத்து வைத்த புகைப்படத்தை அச்சிட்டுக் கொடுக்கவோ, காலியாகக் கிடக்கும் இணைய வசதியைத் திறந்துவிடவோ நிறுவனத்துக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். பயன்படுத்தாமல் விடும் தொகையோ முழுவதும் நிறுவனத்துக்கே மிச்சம்.

வரவு வரும் வழிகள் பல. முன்பதிவுச் சலுகையாக நிறுவனமே தருவது மிகவும் பரவலானது. பயண முகவர்கள் தங்களுக்குக் கிடைக்கும் கமிஷனில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, தங்கள் மூலம் பதிவு செய்பவருக்கு வரவு வைப்பதுண்டு. ஒரே கப்பலின் ஒரே அறையை இரண்டு முகவர்கள் ஒரே விலைக்கு விற்றாலும், கிரெடிட் வேறுபடுவது இதனால்தான். கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணத்துக்கு முன்பணம் கட்டினால் அதற்கென ஒரு தொகை கிடைக்கும். ராயல் கரீபியனில் இதற்கு 'நெக்ஸ்ட்குரூஸ்' என்று தனி மேசையே உண்டு. அமெரிக்காவில் ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்குச் சில நிறுவனங்கள் தருகின்றன. கிரெடிட் கார்டு நிறுவனங்களும் தருகின்றன: அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் பிளாட்டினம் அட்டைக்காரர்களுக்கான கப்பல் சலுகைத் திட்டத்தில், தகுதியுள்ள பயணங்களுக்கு அறைக்கு 100 முதல் 300 டாலர் வரை வரவு உண்டு. பிறந்த நாளுக்கோ மணநாளுக்கோ உறவினர்கள் காசு கொடுத்து வாங்கிப் பரிசாகக் கணக்கில் போடவும் முடியும்.

இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு வகை, நிறுவனம் ஈடாகத் தருவது. புயலால் ஒரு துறைமுகம் விடுபட்டால், அந்தத் துறைமுகத்துக்காக வசூலித்த வரியும் கட்டணமும் பயணிகளின் கணக்கில் வரவாகத் திரும்புகின்றன. முன்பே பணம் கட்டிய கரைச் சுற்றுலா ரத்தானாலும் அப்படித்தான். பதிவு செய்த பிறகு விலை குறைந்தால் அந்த வித்தியாசத்தைக் கிரெடிட்டாகத் தருவதும் நெடுநாளைய வழக்கம். கார்னிவலின் 'ஏர்லி சேவர்' கட்டணமுறை இதற்காகவே பெயர் பெற்றது.

இப்படிப் பல வாசல்களில் வரும் தொகைகள் ஒரே கணக்கில் விழுந்தாலும் அவற்றின் குணம் ஒன்றல்ல. முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மிச்சமானால் திரும்பக் கிடைக்குமா? காசு கொடுத்து வாங்கியதும், துறைமுக வரி போல நிறுவனம் திருப்பித் தர வேண்டியதும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும் வகை. அவற்றில் செலவாகாத தொகை கடைசி நாளில் ரொக்கமாகவோ கார்டுக்கோ வந்துசேரும். சலுகையாக வந்தது, முகவர் தந்தது, கப்பல் நிறுவனத்தின் பங்குதாரர் என்பதற்காக வந்தது ஆகியவை பெரும்பாலும் திரும்பாத வகை. கணக்கு மூடும் நொடியில் அவை பூஜ்யமாகிவிடும். பயணச்சீட்டிலோ முன்பதிவு உறுதிக் கடிதத்திலோ இந்த வேறுபாடு ஒற்றைச் சொல்லில், பல சமயம் ஒரு குறியீட்டு எழுத்தில் மட்டுமே இருக்கும். அதைக் கவனிக்காத குடும்பங்கள்தான் கடைசி இரவில் கப்பல் கடையில் பத்து மணிக்கு வரிசையில் நின்று, வேண்டாத டி-ஷர்ட்டையும் சாவிக்கொத்தையும் சாக்லேட் பெட்டியையும் அள்ளிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பயணத்திலும் நடக்கும் காட்சி இது. அந்தக் கடைகள் அந்த இரவை எதிர்பார்த்தே சரக்கை அடுக்கியிருக்கின்றன.

அடுத்தது, அந்தத் தொகை யாருடையது என்பது. 'அறைக்கு 200' என்பதும் 'ஆளுக்கு 100' என்பதும் இருவர் தங்கும் அறையில் ஒன்றாகிவிடும். மூவர், நால்வர் தங்கும்போதுதான் வேறுபாடு தெரியும். அறைக்கான வரவு பெரும்பாலும் முன்பதிவில் முதலாவதாக உள்ள பெயரில்தான் விழுகிறது. கணவன் பெயரில் வரவு, மனைவி பெயரில் செலவு என்று தனித்தனிக் கணக்கு இருந்துவிட்டால், கணவனின் கிரெடிட் அப்படியே கிடக்க, மனைவியின் கார்டிலிருந்து பணம் போகும். ஏறிய முதல் நாளே விருந்தினர் சேவை மேசைக்குச் சென்று இரண்டு கணக்கையும் ஒன்றாக இணைக்கச் சொன்னால் இது சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் ஐந்தாம் நாள் போனால் அந்த வரிசை நீண்டிருக்கும்.

எதற்கெல்லாம் செல்லாது என்ற பட்டியல்தான் மிகவும் நுணுக்கமானது. சூதாட்டக்கூடம் பல நிறுவனங்களில் விலக்கு. சில நிறுவனங்கள் கணக்கிலிருந்து சூதாட்டப் பணம் எடுக்க விட்டு, அதற்குத் தனியே சதவீதக் கட்டணம் பிடிக்கின்றன. கார்னிவலின் பங்குதாரர் கிரெடிட்டைச் சூதாட்டத்துக்கும் பயன்படுத்த முடியாது, ஊழியர்களுக்கான டிப்ஸுக்கும் பயன்படுத்த முடியாது. நார்வேஜியனின் 'ஃப்ரீ அட் சீ' திட்டத்தில் கரைச் சுற்றுலாவுக்காகத் தரப்படும் துறைமுகத்துக்கு 50 டாலர் என்பது இன்னும் குறுகலானது. அது அறையின் முதல் பயணிக்கு மட்டுமே. ஒரு துறைமுகத்தில் பயன்படுத்தாத 50 டாலரை அடுத்த துறைமுகத்துக்குச் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. நான்கு துறைமுகங்கள் என்றால் விளம்பரக் கணக்கில் 200 டாலர். மெக்சிகோவின் கோஸுமெலில் கடற்கரையில் காலாற நடப்பதே போதும் என்று நினைப்பவருக்கு அங்கே அது சுழியம்.

விர்ஜின் வாயேஜஸ் கப்பல்களில் இதன் பெயர் 'செய்லர் லூட்'. அங்கே டிப்ஸும் அடிப்படை இணையமும் நெடுநாள் கட்டணத்துக்குள் அடக்கமாக இருந்ததால், கிரெடிட் போன இடம் மதுவும் ஸ்பாவும் கரைச் சுற்றுலாவும்தான். ரீஜென்ட், சில்வர்ஸீ போன்ற விலையுயர்ந்த கப்பல்களில் மதுவும் டிப்ஸும் எல்லாமே கட்டணத்தில் அடங்கிவிடுவதால், நூற்றுக்கணக்கான டாலர் கிரெடிட் கிடைத்த பயணிகள் அதைச் செலவழிக்க வழி தேடும் நிலை வருகிறது. எல்லாம் அடங்கிய கப்பலில் கிடைக்கும் கிரெடிட்டும், எல்லாவற்றுக்கும் தனி விலை உள்ள கப்பலில் கிடைக்கும் கிரெடிட்டும் ஒரே எண்ணைச் சுமந்தாலும் ஒரே மதிப்புடையவை அல்ல.

இனி, அந்த மதிப்பை எப்படிக் கணிப்பது? ஓர் உதாரணம். இருவருக்கு ஏழு இரவுப் பயணம். ஒரு முகவர் 2,000 டாலர் விலையில் 200 டாலர் திரும்பாத கிரெடிட் தருகிறார். இன்னொருவர் கிரெடிட் எதுவும் இல்லாமல் 1,850 டாலருக்குத் தருகிறார். எது மலிவு?

விடை டிப்ஸைப் பொறுத்தது. ராயல் கரீபியன் 2024 நவம்பரில் சாதாரண அறைகளுக்கான நாளாந்த டிப்ஸை ஆளுக்கு 18.50 டாலராக உயர்த்தியது. இருவருக்கு ஏழு நாளைக்கு 259 டாலர். இது தினமும் கணக்கில் தானாக ஏறும். அந்த 259 டாலரைக் கப்பலிலேயே செலுத்தும் தம்பதிக்கு 200 டாலர் கிரெடிட் முழுவதும் அதில் கழிந்துவிடும். முதல் முகவரிடம் அவர்களுக்கு ஆகும் மொத்தச் செலவு 2,059; இரண்டாமவரிடம் 2,109. முதலாவது 50 டாலர் மலிவு. இதே தம்பதி, 'முன்கூட்டியே கட்டிவிட்டால் தொல்லை விட்டது' என்று டிப்ஸை வீட்டிலிருந்தே செலுத்திவிட்டார்கள், மது அருந்தமாட்டார்கள், இணையமும் வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதல் முகவரிடம் 2,259, இரண்டாமவரிடம் அதே 2,109. முதலாவது 150 டாலர் அதிகமாகிவிட்டது. கையில் மிஞ்சுவது கடைசி இரவின் டி-ஷர்ட். கிரெடிட்டின் அளவு மாறவில்லை, கப்பலும் மாறவில்லை. டிப்ஸை எப்போது கட்டினார்கள் என்பது மட்டும்தான் மாறியது.

திரும்பாத கிரெடிட் உள்ளவர்கள் டிப்ஸை முன்கூட்டிக் கட்டாமல் இருப்பது, விதிகள் இடம்கொடுக்கும் கப்பல்களில், மிக எளிய வழி. இதில் சிலருக்கு ஒரு சங்கடம் எழும்: சலுகைப் பணத்தில் டிப்ஸ் கொடுத்தால் அறையைத் துப்புரவு செய்பவருக்கும் உணவு பரிமாறுபவருக்கும் குறையுமா? குறையாது. டிப்ஸ் கணக்கில் ஏறிய தொகைதான் ஊழியருக்குப் போகிறது. அதைப் பயணி கார்டால் அடைத்தாலும் வரவால் அடைத்தாலும் ஊழியருக்கு ஒன்றே. ஊழியரைப் பாதிப்பது வேறு ஒன்று: தானாக ஏறும் டிப்ஸை விருந்தினர் மேசைக்குப் போய் நீக்கச் சொல்வது. கப்பல் ஊழியர்களில் இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா நாட்டவர் மிகுதி. வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் கணிசமான பகுதி இதிலிருந்துதான் அவர்களுக்கு வருகிறது. மிச்சம் பிடிக்க அதைத் தொடுவது நியாயமே அல்ல. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூஸஸ் 2019இல் தானாக ஏறும் டிப்ஸையே ஒழித்துவிட்டது. அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. கிரெடிட்டுக்கு டிப்ஸ் என்ற வடிகாலும் இல்லை.

மதுக்கூடத்தில் கணக்கு வேறு மாதிரி. 14 டாலர் காக்டெயில் என்று பட்டியலில் இருப்பதன் மேல் 18 சதவீத சேவைக் கட்டணம் சேரும்போது அது 16.52 டாலர் ஆகிறது. 200 டாலர் கிரெடிட்டில் 14 கோப்பை என்று மனக்கணக்குப் போடுபவருக்குக் கிடைப்பது 12 கோப்பைதான். சில நிறுவனங்களில் இந்தச் சேவைக் கட்டணம் 20 சதவீதம். ஸ்பாவிலும் இதே போலத்தான் ஏறும். ஆனால் ஸ்பாவில் ஒரு வாய்ப்பு உண்டு: பயணிகள் எல்லாம் கரையில் இறங்கும் துறைமுக நாட்களில் மசாஜ் விலை இறங்கும், எல்லாரும் கப்பலிலேயே இருக்கும் கடல் நாட்களில் ஏறும். அதே கிரெடிட் எந்த நாளில் செலவாகிறது என்பதைப் பொறுத்து அதிகமாகவோ குறைவாகவோ வாங்கும்.

முன்கூட்டி வாங்குவதா, கப்பலில் வாங்குவதா என்பதும் இங்கேதான் சிக்குகிறது. இணையம், மது, சிறப்பு உணவகம் ஆகியவற்றுக்குப் பயணத்துக்கு முன்பே இணையத்தில் சலுகை விலை வைப்பார்கள். பல நிறுவனங்களில் கிரெடிட்டோ கப்பலுக்குள் மட்டுமே செல்லும். வீட்டிலிருந்து 100 டாலருக்குக் கிடைக்கும் இணையத் தொகுப்பு கப்பலில் 120 டாலர் என்றால், கிரெடிட் செலவாகாமல் போகும் அபாயம் உள்ளவர் 120 கொடுத்து கிரெடிட்டில் கழிப்பதுதான் சரி. கிரெடிட் எப்படியும் டிப்ஸில் தீர்ந்துவிடும் என்றிருப்பவர் 100 கொடுத்து முன்பே வாங்குவதுதான் சரி. பிரின்சஸ் போன்ற சில நிறுவனங்கள் கிரெடிட்டை முன்கூட்டியே பயன்படுத்த விடுகின்றன. அவர்களிடம் இந்தச் சிக்கலே குறைவு. மற்றவர்களும் அதைப் பின்பற்றுவது நல்லது.

இவ்வளவு கணக்குப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு என்பதுதான் நிறுவனங்களின் பலம். மனித மனம் பணத்தைப் பல பெட்டிகளில் பிரித்து வைக்கிறது என்பதை ரிச்சர்ட் தேலர் 1985இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். பின்னர் 2017இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1990இல் அவரும் எரிக் ஜான்சனும் எழுதிய இன்னொரு ஆய்வு, சும்மா வந்த பணத்தை மக்கள் சொந்தப் பணத்தைவிடத் துணிந்து இறக்குகிறார்கள் என்றது. ஆன்போர்டு கிரெடிட் 'சும்மா வந்த பணம்' என்ற பெட்டிக்குள் நேராகப் போய் விழுகிறது. வீட்டில் இருக்கும்போது 150 டாலர் மசாஜ் பற்றி நினைத்தும் பார்க்காதவர், 'கிரெடிட் இருக்கிறதே' என்று அதில் படுக்கிறார். எழும்போது சருமத் தைலமும் சேர்த்து 260 டாலர் ஆகியிருக்கிறது. வரவு முடிந்த இடத்தில் செலவு நிற்பதில்லை.

அட்டையும் இதற்கு உடந்தை. 2001இல் எம்.ஐ.டி.யின் டிராசன் பிரெலெக், டன்கன் சிமெஸ்டர் இருவரும் மேலாண்மை மாணவர்களிடையே பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து ஆட்டத்துக்கான சீட்டுகளை ஏலம் விட்டுச் சோதித்தார்கள். ரொக்கம் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கிரெடிட் கார்டில் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இருமடங்கு விலை கேட்டார்கள். உல்லாசக் கப்பலில் கிரெடிட் கார்டுகூடக் கண்ணில் படுவதில்லை. மணிக்கட்டைக் காட்டினால் போதும். தினமும் ஒருமுறை கணக்கைத் திறந்து பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து கிடையாது. நிறுவனத்தின் செயலியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ ஒவ்வொரு வரியும் தெரியும். பக்கத்து அறைக்காரரின் மது தவறி ஏறியிருந்தால் அன்றைக்கே சொல்லித் திருத்திக்கொள்ளலாம்.

பங்குதாரர் கிரெடிட்டைப் பற்றித் தனியே பேச வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றிய ஆசை அளவுக்கு மீறியது. கார்னிவல், ராயல் கரீபியன், நார்வேஜியன் மூன்றும் 100 பங்குகள் வைத்திருப்பவருக்குப் பயணத்தின் நீளத்தைப் பொறுத்துக் கிரெடிட் தந்துவருகின்றன. கார்னிவலின் நெடுநாளைய அளவு: ஆறு நாள் வரை 50 டாலர், ஏழு முதல் 13 நாள் வரை 100, 14 நாள் அல்லது அதற்கு மேல் 250. விதிமுறைகள் அவ்வப்போது புதுப்பிக்கப்படுபவை. அடிக்கடி பயணம் செய்யும் ஓய்வுபெற்றவர்களுக்கு இது நல்ல வட்டி போலத் தோன்றும். 2020 ஜனவரியில் கார்னிவல் பங்கு ஏறத்தாழ 50 டாலர். 100 பங்குக்கு 5,000 டாலர். அந்த ஏப்ரலில் கொரோனா நெருக்கடியில் நிறுவனம் புதிய பங்குகளை 8 டாலருக்கு விற்றது. 5,000 டாலர் 800 ஆனது, ஈவுத்தொகையும் நிறுத்தப்பட்டது. பயணமே இல்லாததால் கிரெடிட்டும் இல்லை. வேறு காரணத்துக்காக அந்தப் பங்கை வாங்குபவர் கூடவே கிரெடிட்டையும் பெற்றுக்கொள்ளலாம். கிரெடிட்டுக்காகப் பங்கு வாங்குவது பெரிய தொகையைச் சிறிய தொகைக்குப் பணயம் வைப்பது.

அதே கொரோனா காலம் கிரெடிட்டின் இன்னொரு முகத்தையும் காட்டியது. 2020 மார்ச்சில் அமெரிக்கக் கப்பல்கள் நின்றபோது, ரத்தான பயணங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதற்குப் பதிலாகப் பிற்காலப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளச் சம்மதிப்பவர்களுக்கு கார்னிவல் கூடுதலாக ஆன்போர்டு கிரெடிட் தந்தது: ஆறு நாள் அல்லது அதற்கு மேற்பட்ட பயணங்களுக்கு அறைக்கு 600 டாலர், குறுகிய பயணங்களுக்கு 300 டாலர். நிறுவனத்துக்கு அன்று உயிர்நாடி கையிருப்பு ரொக்கம். அதைப் பிடித்து வைக்க அது கொடுத்த விலைதான் இந்த 600. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கட்டணப் பயணிகளோடு முதல் பெரிய கப்பலான செலிப்ரிட்டி எட்ஜ் புறப்பட்டது 2021 ஜூன் 26இல்தான். பதினைந்து மாதம் பொறுத்திருந்தவர்களுக்கு அது நல்ல பேரம். வேலை போய், அந்தப் பணத்தையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு 600 டாலர் மது வரவு எந்தப் பயனும் தரவில்லை. எவ்வளவு பெரிய கிரெடிட்டும் வாடகைக்கும் மருந்துக்கும் ஆகாது என்பதை அப்போது பலர் நேரில் உணர்ந்தார்கள்.

இந்தியப் பயணிக்கு இதில் தனியான சில கணக்குகள் உண்டு. 2021 முதல் மும்பையிலிருந்து ஓடும் கோர்டேலியா குரூஸஸ், 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் பயணம் தொடங்கியது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போய், காங்கேசன்துறையைத் தொட்டது. என்றாலும் தமிழகத்திலிருந்து பெரிய கப்பலில் ஏற விரும்புபவர்கள் பலர் விமானத்தில் சிங்கப்பூர் போய் மரீனா பே கப்பல் முனையத்தில் ஏறுகிறார்கள். ஏறுவது சிங்கப்பூரில் என்றாலும் ராயல் கரீபியன் கப்பலுக்குள் கணக்கு அமெரிக்க டாலரில்தான் ஓடும். இந்திய வங்கிகள் பல வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கின்றன. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. இதனால் கிரெடிட்டில் கழியும் ஒவ்வொரு டாலரும் இந்தியக் கார்டுக்காரருக்கு ஒரு டாலரைவிடச் சற்றுக் கூடுதலாக மிச்சமாக்குகிறது. 200 டாலர் கிரெடிட் 3.5 சதவீதக் கட்டணத்தில் இன்னும் 7 டாலரைக் காப்பாற்றும்.

டெபிட் கார்டைப் பதிந்து வைப்பது இந்தியர்களிடம் பரவலான தவறு. கப்பல் ஒவ்வொரு நாளும் ஒரு தொகையை வங்கியில் முடக்கி வைக்கும். கிரெடிட் இருந்து, கடைசிக் கணக்கு சிறியதாக முடிந்தாலும், முடக்கிய தொகை விடுபடப் பல நாள் ஆகலாம். கரையிறங்கியபின் சிங்கப்பூரில் ஓட்டலுக்குக் கட்டப் பணமில்லாமல் நிற்க நேரிடும். கிரெடிட் கார்டோ, மேசையில் கட்டும் ரொக்க முன்பணமோ பாதுகாப்பானது. கப்பல் மருத்துவரைப் பார்த்தால் அந்தக் கட்டணமும் இதே கணக்கில்தான் ஏறும். காப்பீட்டுக்காக மருத்துவச் சீட்டைத் தனியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பக் கிடைக்கும் வகைக் கிரெடிட் மிஞ்சினால், அது கார்டுக்குப் போகிறதா ரொக்கமாகவா என்பதை இறங்குவதற்கு முந்தின நாள் மாலையிலேயே கேட்டுவிட வேண்டும். ஊர் திரும்பிய பின் அமெரிக்க அலுவலகத்தோடு மின்னஞ்சலில் போராடுவது எளிதல்ல.

இந்த முழு ஏற்பாட்டிலும் பயணிக்குக் கிடைக்கும் பயனுக்கும் ஏமாற்றத்துக்கும் இடையே நிற்பது தகவல்தான். அது நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர முடியாது என்று சொல்வதற்கும் இப்போது இடமில்லை. கலிஃபோர்னியாவின் மறைமுகக் கட்டணத் தடைச் சட்டம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்ததும், பெரிய கப்பல் நிறுவனங்கள் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்த முழு விலையை விளம்பரத்திலேயே காட்டத் தொடங்கின. கலிஃபோர்னியாவில் மட்டுமல்ல, அமெரிக்கா முழுவதும். 'முடியவே முடியாது' என்றிருந்தது ஒரே நாளில் முடிந்தது. டிப்ஸ் இன்னும் அந்த விலைக்கு வெளியேதான் நிற்கிறது. கிரெடிட்டின் நிபந்தனைகளும் அப்படியே. முன்பதிவு உறுதிக் கடிதத்தில் கிரெடிட் தொகைக்கு நேரே நான்கு விவரங்களை அச்சிடச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல: திரும்பக் கிடைக்குமா, யார் பெயரில் விழுகிறது, டிப்ஸுக்குச் செல்லுமா, எந்த நேரத்தில் காலாவதியாகிறது. அது வரும்வரை, பணம் கட்டுவதற்கு முன் முகவரிடம் இந்த நான்கையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் பயணி செய்யக்கூடியது. வாய்வார்த்தையாகச் சொன்ன 'எல்லாத்துக்கும் யூஸ் பண்ணலாம் சார்' என்பதைக் கப்பலின் விருந்தினர் சேவை மேசை ஏற்றுக்கொள்ளாது.